ஆளில்லாத துவக்கு: மலையகத் தோட்டமொன்றில் நடந்த வெடிவிபத்தும் அதன் பின்னும்

பின்னணி

காட்டுப்பன்றிக்குக் கட்டிய துவக்கு (துப்பாக்கி) ஆளில் வெடித்த இந்தச் சம்பவம் இலங்கையின் நுவரெலியா மாவட்டமும் ஊவா மாகாணமும் சந்திக்கும் மலைச்சரிவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. தோட்டத்தின் பெயரையோ ஆட்களின் பெயர்களையோ இங்கே எழுதவில்லை. காயப்பட்டவரின் குடும்பமும் துவக்கைக் கட்டியவரின் குடும்பமும் இதைப் பதிவு செய்யச் சம்மதித்தன. "இன்னொரு மலையில இப்படி நடக்கக் கூடாது" என்று இரு வீட்டாரும் தனித்தனியே சொன்னார்கள்.

தோட்டத்தின் மேல் கணக்கில், அதாவது மேல் பிரிவில், ஐந்து லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருக்கின்றன. கடைசி லயத்துக்கு மேலே காடு பாய்ந்த பழைய தேயிலை மலை, அதற்கு மேலே அரச வனம். 2021 இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டதோடு கொழுந்து குறைந்தது, வேலை நாளும் குறைந்தது. நாட்சம்பளம் அந்த ஆண்டு மார்ச்சில்தான் 1,000 ரூபாவாகியிருந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. மாவும் அரிசியும் எட்டாத விலைக்குப் போன அந்த மாதங்களில் லயத்து ஆட்கள் காடு பாய்ந்த மலையை வெட்டித் திருத்தி போஞ்சி, உருளைக்கிழங்கு, கோவா (முட்டைக்கோஸ்), லீக்ஸ் போட்டார்கள். நிர்வாகம் அதற்கு அனுமதி தரவில்லை, தடுக்கவுமில்லை.

அதன் பிறகு காட்டுப்பன்றி இறங்கியது. ஒரு கூட்டம் ஒரே இரவில் கிழங்குப் பாத்தி முழுவதையும் கிளறிப் போட்டுவிடும். காலையில் பார்த்தால் மண் உழுதது போலக் கிடக்கும், கிழங்கு ஒன்றும் மிஞ்சாது. மூன்று மாத உழைப்பும் கடனாக வாங்கிய விதையும் அந்த ஒரு இரவோடு போய்விடும். இந்த இழப்பைப் புரிந்துகொள்ளாமல் "சட்டவிரோதத் துப்பாக்கி" என்று மட்டும் இந்தச் சம்பவத்தைப் பேசுவது நியாயமில்லை.

கட்டுத்துவக்கு அந்த மலைக்குப் புதிதல்ல. ஓர் இரும்புக் குழாய், பன்றி நடக்கும் தடத்தின் குறுக்கே ஒரு கம்பி, அவ்வளவுதான். கம்பியில் எந்தக் கால் பட்டாலும் வெடிக்கும். பன்றியின் நெஞ்சு உயரத்துக்குக் கட்டுவதால் மனிதர் அகப்பட்டால் முழங்காலிலோ அதற்குக் கீழோதான் அடிபடும். மேல் கணக்கில் எத்தனை பேர் கட்டினார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் இரவில் வெடிச்சத்தம் கேட்டால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று காலை

2023 ஆம் ஆண்டின் முற்பகுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாற்பதுகளின் கடைசியில் இருந்த ஒரு கொழுந்துப் பறிக்கும் பெண், அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவரோடு விடியுமுன் விறகுக்குப் போனார். வழக்கமான பாதையின் ஒரு பகுதி மழைக்குச் சரிந்திருந்தது. அதனால் போஞ்சிப் பாத்தி ஓரமாக ஏறும் ஒற்றையடித் தடத்தைப் பிடித்தார்கள்.

அந்தத் தடத்தில் துவக்கைக் கட்டியவர் அதே லயத்தில் குடியிருக்கும் இளைஞர், முப்பது வயதிருக்கும். இரவு கட்டி, ஆட்கள் நடமாடுமுன் போய்க் கழற்றிவிடுவது அவர் வழக்கம். இப்படிக் கட்டுகிற எல்லோருமே இதைத்தான் சொல்கிறார்கள், "காலையில கழட்டிருவோம்" என்று. அன்று அவர் காய்ச்சலில் படுத்திருந்தார், எழும்பவில்லை.

முன்னால் போன பெண்ணின் இடது காலில் வெடித்தது. கூடப் போனவர்களில் ஒருவர் விறகு கட்டக் கொண்டுபோன கயிற்றால் தொடையை இறுக்கிக் கட்டினார், மற்றவர் தலைத்துணியை அவிழ்த்துக் காயத்தில் அழுத்திப் பிடித்தார். அழுத்திப் பிடித்ததால்தான் அவர் அங்கேயே இரத்தம் போய் இறக்கவில்லை என்று பிறகு வைத்தியர் சொன்னார். ஆனால் கயிறு எத்தனை மணிக்குக் கட்டப்பட்டது என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை. அந்த நேரத்தைத்தான் வைத்தியசாலையில் முதலில் கேட்டார்கள்.

சத்தம் கேட்டதும் காய்ச்சலோடு முதலில் ஓடி வந்தவர் அந்த இளைஞர்தான். காயப்பட்டவர் அவருக்கு அத்தை முறை. "அத்தை, நான் கட்டுனதுதான் அத்தை" என்று அந்த இடத்திலேயே சொன்னதை மற்ற இரு பெண்களும் கேட்டார்கள். மேலே தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. 1990 என்ற இலக்கத்தில் அம்பியூலன்சைக் கூப்பிடுவதற்கே ஒருவர் கோவில் மேடு வரை ஓட வேண்டியிருந்தது. கம்பில் கம்பளியைக் கட்டி அதில் கிடத்தித் தூக்கிக்கொண்டு, ஆள் மாற்றி ஆள் மாற்றி வண்டிப் பாதைக்கு வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேலானது.

வைத்தியசாலையில் சொன்ன பொய்

இந்தச் சம்பவத்தில் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டிக்குள்ளேயே பேச்சு நடந்தது. துவக்கு என்று சொன்னால் பொலிஸ் வரும், ஒருவரைத் தேடி வந்தவர்கள் பத்துப் பேரைக் கொண்டுபோவார்கள் என்றார்கள். இதை வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், யுத்த காலம் முழுவதும், மலையக இளைஞர்கள் பலர் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டு நீண்ட காலம் உள்ளே இருந்திருக்கிறார்கள். அந்த வண்டியில் இருந்த பெரியவர் ஒருவரின் தம்பியும் அவர்களில் ஒருவர். தமிழன், தோட்டத்து ஆள், வீட்டில் துவக்கு என்ற மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அந்தத் தலைமுறை பட்டு அறிந்திருக்கிறது.

ஆகவே முதல் வைத்தியசாலையில் "முள்ளுக்கம்பி வேலியில விழுந்துட்டாங்க" என்று சொன்னார்கள். சிறிய வைத்தியசாலை, ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு வைத்தியர். காயத்தைக் கழுவும்போது தோலில் கருகல் படிந்திருப்பதையும் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருப்பதையும் அவர் கண்டார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, காயப்பட்டவரின் மகளிடம் மட்டும் கேட்டார். அந்தப் பிள்ளை உண்மையைச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் எக்ஸ்ரே எடுத்து, பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பும் ஏற்பாடு வேகமெடுத்தது. இரத்த ஓட்டம் நின்ற காலைக் காப்பாற்ற ஏறத்தாழ ஆறு மணித்தியாலம்தான் உண்டு. சத்திரசிகிச்சை மேசைக்குப் போகும்போது அந்த எல்லை தாண்டிவிட்டது. மண்ணும் துருவும் துணித்துண்டும் காயத்துக்குள் போயிருந்தன. கிருமித் தொற்று ஏறியது. மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் கால் தப்பியிருக்கும் என்று வைத்தியர்கள் உறுதி சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொய்யில் போன நேரம் போனதுதான். காயப்பட்டவருக்கு வைத்தியம் கிடைப்பதை விட ஒரு துவக்கை மறைப்பது அவசரமாகப்பட்டதே, அந்தப் பயத்தை அந்த ஆட்களின் குற்றமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

மலையை மூடியது

அன்று மதியம் இளைஞர் தோட்டத் தலைவரிடம், அதாவது தொழிலாளர்களின் தலைவரிடம் வந்து, மலையில் இன்னும் இரண்டு துவக்குகள் கட்டியபடி இருக்கின்றன என்று சொன்னார். ஒன்று அவருடையது. மற்றது யாருடையது என்று அவர் சொல்லவில்லை.

இளைஞர் அணியினர் சிலர் இருட்டுமுன் போய் அவற்றைக் கழற்றி ஆற்றில் வீசிவிடலாம் என்றார்கள். சான்று இல்லையென்றால் வழக்கும் இல்லை என்பது அவர்கள் கணக்கு. தலைவர் மறுத்தார். அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. கட்டியவன் தவிர வேறு யார் தொட்டாலும் வெடிக்கக்கூடும். மேலும், வைத்தியசாலைப் பதிவில் வெடிக்காயம் என்று எழுதியாயிற்று, இனி மறைத்தால் லயம் முழுவதும் சந்தேகத்தில் நிற்கும்.

எடுத்த முடிவு இது: மேலே ஏறும் தடங்கள் எல்லாவற்றையும் மரக்கொப்பு வெட்டிப் போட்டு மறித்தார்கள். மாரியம்மன் கோவில் ஒலிபெருக்கியில், யாரும் மலைக்குப் போக வேண்டாம், பிள்ளைகளை வீட்டோடு வைத்திருங்கள் என்று மாலையில் இரண்டு தடவை அறிவித்தார்கள். திங்கட்கிழமை காலை சட்டத்தரணி ஒருவரோடு இளைஞர் தானாகவே பொலிசில் சரணடைந்து இடங்களைக் காட்டினார். பொலிசார் வந்து இரண்டையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அன்று லயத்தில் வேறு யாரையும் கொண்டுபோகவில்லை. சட்டத்தரணி கூட நின்றதும், தானாக வந்ததும் அதற்குக் காரணம் என்றே நான் நம்புகிறேன்.

சில நாட்கள் கழித்து ஒரு விடியற்காலையில் பிரட்டுக்களத்தின் (காலையில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் இடம்) மூலையில் ஒரு சாக்கு கிடந்தது. உள்ளே துருப்பிடித்த இரு குழாய்கள். தலைவர் பொலிசுக்குச் சொல்லி அவற்றையும் ஒப்படைத்தார்.

கூட்டத்தில் எழுந்த வாதம்

அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் கூட்டம் கூடியது. யாரைக் குற்றம் சொல்வது என்பதில் தொடங்கிய பேச்சு, பயிரைக் காப்பாற்ற நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதில் போய் நின்றது.

மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பிய ஒருவர் கேட்டார்: "கீழ கிராமத்துல மாத்தயாமாரு சட்டப்படி துவக்கு வச்சிருக்காங்க. நம்ம வச்சா மட்டும் குத்தமா? அமெரிக்காவுல அது பொறப்புரிமைங்க." அவர் சொன்னதில் பாதி சரி. அமெரிக்க யாப்பின் இரண்டாம் திருத்தம் 1791 இல் வந்தது. தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008 இல் தீர்ப்பளித்தது. இலங்கையின் 1978 யாப்பில், அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில், அப்படி ஓர் உரிமை இல்லை. இங்கே துப்பாக்கி என்பது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், அரசு ஆள் பார்த்து, காரணம் பார்த்து, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்துத் தரும் அனுமதி.

ஆனால் அந்த அமெரிக்காவிலேயே கட்டுத்துவக்கை உரிமை என்று ஏற்கவில்லை. அயோவா மாநிலத்தில் ஆளில்லாத பண்ணை வீட்டுக் கதவில் உரிமையாளர் துப்பாக்கியைக் கட்டி வைத்தார், உள்ளே நுழைந்தவனின் காலில் பட்டது. நுழைந்தவன் திருட வந்தவன்தான். இருந்தும் 1971 இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கட்டி வைத்தவர்தான் நட்டஈடு தர வேண்டும் என்றது. ஆளில்லாத இடத்தின் பொருளை விட மனித உயிர் பெரிது என்பதே அதன் அடிப்படை. கூட்டத்தில் இதைச் சொன்னபோது, நமது மலையில் அடிபட்டவர் திருடப் போனவரும் அல்ல, விறகுக்குப் போனவர் என்று ஒரு பெண் பின்னாலிருந்து சொன்னார்.

வேறொரு குரலும் வந்தது, அதைக் கடந்து போகக் கூடாது. எழுபது தாண்டிய ஒருவர் எழும்பினார். "77ல லயத்துக்கு நெருப்பு வச்சப்ப பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு தேயிலைக்குள்ள படுத்துக் கெடந்தோம். ஒரு துவக்கு இருந்திருந்தா கிட்ட வந்திருப்பானுங்களா?" என்றார். 1977 இலும் 1983 இலும் இனக்கலவரங்களில் மலையகம் பட்டதை நேரில் கண்டவரிடம், பொதுப் பாதுகாப்பு அரசின் பொறுப்பு என்று சொல்வது எளிதல்ல. அரசு காக்கத் தவறிய இரவுகளை அவர் வாழ்ந்திருக்கிறார். தலைவர் அவருக்கு மரியாதையோடுதான் பதில் சொன்னார்: "மாமா, இருந்திருந்தா அந்த ஒன்னையே காரணங்காட்டி நம்ம எல்லாரையும் முடிச்சிருப்பானுங்க." இருவரும் மனமறிந்துதான் பேசினார்கள். அந்த வாதத்துக்கு அங்கே முடிவு கிடைக்கவில்லை. கிடைத்திருக்க முடியும் என்றும் நான் நினைக்கவில்லை.

கூட்டத்தைத் திருப்பியது ஓய்வுபெற்ற காவற்காரர் ஒருவரின் பேச்சு. பல ஆண்டுகள் பங்களாத் துவக்கோடு இரவு சுற்றியவர். "துவக்கு கையில இருந்தா என் கண்ணு பாக்கும். பன்னியா, மாடா, மனுசனான்னு பாத்துட்டுத்தான் விரல் போகும். கம்பியில கட்டுனது எதப் பாக்கும்?" துப்பாக்கி வைத்திருக்கும் சுதந்திரத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் அந்த இடத்தில் ஒத்துப்போனார்கள். உரிமை என்றால் அதற்குப் பொறுப்பாக ஓர் ஆள் நிற்க வேண்டும். கட்டுத்துவக்கில் அந்த ஆள் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கிறார்.

அனுமதிப்பத்திரம் தேடிப் போனது

சட்டப்படி ஒரு துவக்கை எடுத்து, பயிற்சியுள்ள ஒருவரிடம் பொறுப்பாகக் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை. தலைவரும் இருவரும் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரித்தார்கள். பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கிக்கு விண்ணப்பிப்பவரின் நடத்தை பற்றிப் பொலிஸ் அறிக்கை வேண்டும், பயிர்க் காணி இருப்பதற்கான ஆவணம் வேண்டும்.

காணி என்ற இடத்தில் பேச்சு நின்றுவிட்டது. தோட்டங்கள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுக்குப் போயின, 1992 இலிருந்து கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. லயத்துக் காம்பராவுக்கே (அறைக்கே) உறுதிப் பத்திரம் இல்லாத ஆள், காடு பாய்ந்த மலையில் போட்ட பாத்திக்கு என்ன ஆவணம் காட்டுவார்? புதிய வீட்டுத் திட்டங்களில் கிடைக்கும் 7 பேர்ச் என்ற சிறு துண்டு நிலத்தில் பன்றி விரட்டத் துவக்கு தர மாட்டார்கள், தரவும் கூடாது. பயிரிட அனுமதித்து ஒரு கடிதம் தருமாறு நிர்வாகத்தைக் கேட்டார்கள். கடிதம் கொடுத்தால் பின்னாளில் காணி உரிமை கோருவார்கள் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

கீழ்க் கிராமத்தில் அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கும் ஒரு பெரியவரிடமும் போய்ப் பேசினோம். அவர் உதவ மனமுள்ளவர், ஆனால் அவருடைய அனுமதி அவருடைய காணிக்குத்தான். அவர் சொன்ன இன்னொரு விடயம் எல்லோருக்கும் புதிதாக இருந்தது. துவக்கு இருந்தும் தன் மரவள்ளியை பன்றி தின்றுகொண்டுதான் இருக்கிறது என்றார். சுட்டால் அன்றைக்கு ஓடும், மறுநாள் ஆளில்லாத பக்கமாக வரும்.

சட்டம் இறுக்கமாக இருப்பதை நான் குறை சொல்லவில்லை. இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பயிர் இருந்தும் காணி இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் மலைநாட்டில், காணியைக் கேட்கும் அந்தச் சட்டம் துவக்கை இல்லாமலாக்கவில்லை. அதைக் காட்டுக்குள் மறைவாகக் கட்டிவைக்கும் நிலைக்குத்தான் தள்ளியிருக்கிறது.

எடுத்த முடிவும் மறுத்த வழிகளும்

மின்கம்பியிலிருந்து நேராக இழுத்துக் கட்டலாம் என்று ஒருவர் சொன்னார். உடனே மறுத்தார்கள். அப்படிக் கட்டிய கம்பியில் நாட்டில் மனிதரும் யானையும் சாவது செய்திகளில் வந்துகொண்டேயிருக்கிறது. சுருக்குக் கம்பியும் வேண்டாம் என்று முடிவானது. 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கத்து லக்சபான தோட்டத்தில் மரக்கறிப் பாத்தியோரச் சுருக்கில் கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கி இறந்ததும், அதற்காக ஆள் கைதானதும் எல்லோருக்கும் நினைவிருந்தது. பன்றிவெடி (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி) வைப்பது பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

சிதறிக் கிடந்த பாத்திகளில் மேலே இருந்தவற்றைக் கைவிட்டு, எல்லோரும் கடைசி லயத்தை ஒட்டி ஒரே துண்டாகப் பயிரிடுவது என்று முடிவெடுத்தார்கள். பழைய கூரைத் தகரங்களால் காட்டுப் பக்கம் அடைத்தார்கள். கிழங்கு, போஞ்சி விளையும் வாரங்களில் இரண்டு குடும்பம் வீதம் முறை வைத்து, டோர்ச்சும் தகர டின்னும் நாய்களுமாக இரவுக் காவல். சிலருக்கு நிலம் குறைந்தது, மனத்தாங்கலும் வந்தது. மேலே நல்ல மண்ணைத் திருத்தி வைத்திருந்த ஒரு குடும்பம் இன்றுவரை கோபமாக இருக்கிறது, அவர்கள் கோபம் நியாயமானதே.

பின்விளைவு

இளைஞர் சில வாரங்கள் விளக்கமறியலில் இருந்து பிணையில் வந்தார். இதை எழுதும்போதும் வழக்கு முடியவில்லை. வெளியே வந்த பிறகு ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரு தொகையை அத்தை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். முதல் மாதம் அத்தையின் மகள் வாங்க மறுத்தாள், தாய்தான் வாங்கச் சொன்னார்.

காயப்பட்டவருக்கு ஜெய்ப்பூர் கால் பொருத்தியிருக்கிறார்கள். சமதரையில் நடக்கிறார். சரிவில் ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது. 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அவருக்கு உதவவில்லை, ஏனெனில் ஞாயிறு விறகுக்குப் போனது வேலை நேரக் காயமல்ல. தலைவர் பல தடவை பேசிய பின் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) உதவியாளர் வேலை கிடைத்தது. கொழுந்து பறித்த காலத்து வருமானம் அதில் வராது.

பன்றி இன்னும் வருகிறது. ஒருங்கிணைத்த பாத்தியில் சேதம் முன்னை விடக் குறைவு, ஆனால் காவலுக்கு ஆள் குறையும் கோவா வாரங்களில் இரண்டு தடவை தகரத்தைக் கிளப்பிவிட்டு உள்ளே வந்திருக்கிறது. அந்தத் தோட்டத்தின் மேல் கணக்கில் இரவு வெடிச்சத்தம் கேட்டதாக அதன் பின் யாரும் சொல்லவில்லை.

மாற வேண்டியவை

வெடிக்காயத்தோடு வருபவரைப் பற்றி வைத்தியசாலை பொலிசுக்கு அறிவிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, உண்மையைச் சொன்னால் வைத்தியம் மாறும் என்பது. தோட்ட வைத்திய உதவியாளர்களும் பிள்ளைக் காம்பரா உத்தியோகத்தர்களும் நடத்தும் சுகாதாரக் கூட்டங்களில் இதைச் சொல்ல வேண்டும். எதனால் வந்த காயம், எத்தனை மணிக்கு நடந்தது, கட்டு எப்போது போட்டது என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லப் பழக்க வேண்டும்.

அனுமதியில்லாத துப்பாக்கிகளை ஒப்படைக்க 2020 பெப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சு ஒரு வாரப் பொதுமன்னிப்பு அறிவித்தது. தற்காப்புக்காக வழங்கிய துப்பாக்கிகளை 2024 நவம்பர் 7 ஆம் திகதிக்குள் மீளாய்வுக்கு ஒப்படைக்கச் சொன்னது. இந்த அறிவித்தல்கள் மேல் கணக்கு லயங்கள் வரை தமிழில் வந்து சேரவில்லை. பிரட்டுக்களத்தில் கிடந்த சாக்கைப் பார்த்தால், வழி காட்டினால் ஒப்படைக்க ஆட்கள் தயாராக இருக்கிறார்கள் என்பது தெரிகிறது. தோட்டப் பகுதிகளில் ஆண்டுதோறும் சில நாட்கள், கோவில் நிர்வாகமோ தோட்டத் தலைவரோ முன்னின்று, பெயர் கேட்காமல் வாங்கும் ஏற்பாடு வேண்டும்.

நிர்வாகங்கள் தர வேண்டியது காணி உறுதி அல்ல. இன்ன மலையில் இன்ன துண்டில், இன்ன காலம் வரை, இத்தனை குடும்பங்கள் பயிர் செய்ய அனுமதி, இது உரிமை கோர ஆதாரமாகாது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். அந்தத் தாள் இருந்தால் பயிர்ச் சேதத்துக்கு விவசாயத் திணைக்களத்திடமாவது போய் நிற்கலாம், தோட்டக் காவற்காரரின் அனுமதி பெற்ற துவக்கை அந்தத் துண்டுக்கும் காவல் வைக்கும்படி கேட்கலாம். மேல் கணக்கு ஆட்கள் அப்படி ஒரு தாளுக்கான மாதிரியை எழுதி நிர்வாகத்திடம் இரண்டாம் முறையாகக் கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.